குன்னத்துக்குப் போன சீர்ப் பானை

பானையின் தோளில் இருந்த பேர் போக மாட்டேன் என்றது.

புளி போட்டுத் தேய்த்தாயிற்று. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தாயிற்று. எலுமிச்சம்பழத் தோலை உப்பில் தொட்டு, முருகையன் தன் கைரேகை அழியும் மட்டும் தேய்த்துப் பார்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பானை பளபளத்தது. பானையோடு சேர்ந்து அந்தப் பேரும் பளபளத்தது. காலையில் கண்ணாடி போட்டால்தான் தெரிந்த எழுத்து, மத்தியானத்துக்குள் தெருவில் போகிறவர்கள் நின்று படிக்கும்படி ஆகிவிட்டது.

பேர் என்றால் முழுப் பேர்கூட இல்லை. "ஆ. அ." அவ்வளவுதான். பாத்திரக் கடையில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து.

"யாருங்க இந்த ஆ.அ.?" என்று கேட்டாள் அவர் சம்சாரம் தனபாக்கியம்.

"எனக்கென்ன தெரியும்? யாரோ பாவம். என்ன கஷ்டமோ, பானையை வித்துட்டான்" என்றார் முருகையன். சொல்லிவிட்டு, முகம் தெரியாத அந்த ஆ.அ.விடம் மனசுக்குள் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டு மறுபடியும் தேய்த்தார்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. நாள் முழுக்க லாரி ஏறும், இறங்கும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம், காதுக்குள் எல்லாம் வெள்ளையாக இருக்கும். குளித்துவிட்டு வந்தாலும் புருவம் வெள்ளையாகத்தான் இருக்கும், அது வயசு. இப்படிப்பட்ட மனிதருக்கு லீவு நாளில் பானை தேய்க்கும் வேலை வந்ததற்குக் காரணம் ஆவணியில் நடந்த ஒரு கல்யாணம்.

மகள் பூங்குழலியைக் குன்னத்தில் ராசாங்கம் வீட்டு இரண்டாவது பையன் ஜெயப்பிரகாஷுக்குக் கொடுத்திருந்தார்கள். இது தலைப்பொங்கல். பெண் வீட்டார் அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பித்தளைப் பானை போக வேண்டும். அந்தப் பானையில்தான் புது மருமகள் மாமியார் வீட்டு வாசலில் பொங்கல் வைப்பாள். பானை புதுசாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாததையெல்லாம் சொல்வதற்குத்தான் சம்பந்தியம்மா கலியம்மாள் இருந்தாள்.

மூத்த மருமகள் மேகலா, கங்கைகொண்ட சோழபுரத்துப் பெண். முந்திரித்தோப்புக்காரர்கள். போன பொங்கலுக்கு அவர்கள் கொண்டுவந்த பானையைப் பற்றிக் கலியம்மாள், பூங்குழலி கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து தனபாக்கியத்திடம் சொல்ல ஆரம்பித்தாள். இலையில் இனிப்பு வைக்கும்போது ஆரம்பித்த பேச்சு, மோர் ஊற்றும்போதும் பானையின் கழுத்து வரைக்கும்தான் வந்திருந்தது. என்ன கனம், என்ன மினுமினுப்பு, கண்ணு கூசிப்போச்சு என்றாள்.

தனபாக்கியம் அந்தப் பானையின் போட்டோவைக் கேட்டு வாங்கித் தன் செல்போனில் வைத்துக்கொண்டாள். போட்டோவில் பானையைத் தவிர எல்லாம் தெரிந்தது. தோள் முழுக்கச் சுற்றிச் சுற்றி மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டியிருந்தார்கள். வாய் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் புருஷனிடம் காட்டி, "இதே மாதிரி வேணும். ஒரு இம்மி கொறையக் கூடாது" என்றாள்.

சம்பந்தி ராசாங்கம் இதில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதிலுமே ஒன்றும் சொல்வதில்லை. நிச்சயதார்த்தத்தில் உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டதற்குக்கூட ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தட்டு மாற்றினார்கள். அந்த வீட்டில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று பூங்குழலிக்கு இன்னும் தெரியாது.

பூங்குழலி போன் பண்ணியிருந்தாள். "மேகலாக்காவோட அப்பா, அண்ணாதுரை பெரியப்பா கொண்டாந்தது மாதிரியே இருக்கணும்னு இல்லப்பா. உங்களால முடிஞ்சதக் கொண்டாங்க" என்றாள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அத்தைதான் சோறு போடுறப்பல்லாம் கேக்குது, உங்க வூட்டுலேர்ந்து என்ன வருதுன்னு" என்றாள்.

மகள் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஒரு பானை குறுக்கே வந்து நிற்கிறது என்றால், அந்தப் பானையைக் கொண்டுபோய் இறக்கினால்தான் அவள் சாப்பிடுவாள்.

ஒரு பாத்திரக் கடையில் போய்ப் புதுப் பித்தளையின் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார். நேரே பெரம்பலூருக்கு பஸ் ஏறி, பழைய சாமான் கடை காதர் பாட்சாவிடம் போனார்.

காதர் பாட்சா லெப்பைக்குடிக்காட்டுக்காரர். அவர் கடையில் இல்லாத பழசு கிடையாது. துபாயிலிருந்து வந்த மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம், எந்த நாட்டுக்காரன் எதற்குச் செய்தான் என்று யாருக்கும் தெரியாத ஒரு கண்ணாடிச் சாமான், எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுவில் அவரும் ஒரு பழைய ஈஸிசேரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குண்ணே பானை?"

"மக வூட்டுக்கு. குன்னம்."

"குன்னத்துல யாரு வூடு?"

"ராசாங்கம்."

காதர் பாட்சா டீ கிளாஸைக் கீழே வைத்தார். முருகையன் காட்டிய இரண்டு மூன்று பானைகளை ஒதுக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு பானையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார்.

"இதான் சரியா இருக்கும். அந்த வூட்டு அடுப்புக்கு அளவெடுத்த மாதிரி உக்காரும்."

பார்க்காத அடுப்புக்கே அளவு சொல்கிறாரே, வியாபாரம் என்றால் இதுதான் என்று முருகையன் நினைத்துக்கொண்டார். பாய் அதோடு விடவில்லை. சீர்வரிசைக்குத் தாம்பாளமும் வேண்டுமே என்று சில தட்டுகளைச் சும்மாவே எடுத்துக் கொடுத்தார். ஒரு தட்டின் நடுவில் யாருடைய காதுகுத்துக்கோ அன்பளிப்பு என்று எழுதியிருந்தது.

"வாழைப்பழத்த வெச்சா மறைஞ்சிரும்ணே."

"பானையில இருக்குற பேரு?"

"அது உங்க சாமர்த்தியம்" என்ற காதர் பாட்சா, பானையின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டி, "இன்ஷா அல்லாஹ், நல்லபடியா போயிட்டு வரட்டும்" என்றார். தன்னைத்தான் சொல்கிறார் என்று எண்ணி முருகையன் கும்பிட்டார்.

அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது புளியோடும் எலுமிச்சம்பழத்தோடும் தோற்றுப்போய்க் கிடந்தது.

"கையால தேச்சா போவாது. குழந்தைவேலு பட்டறையில குடுங்க. பேரை எடுத்துட்டு, அதே எடத்துல நம்ம பாப்பா பேரை வெட்டிரலாம்" என்றாள் தனபாக்கியம்.

குழந்தைவேல், கேட்டும் ஜன்னலும் செய்கிற வெல்டிங் பட்டறைக்காரன். பானையை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, இந்த எடம் மட்டும் மெலிசா இருக்கு. ஏற்கெனவே யாரோ ராவியிருக்காங்க."

"யாரும் ராவியிருக்க மாட்டாங்க. பேரு போனா போதும், போடு."

குழந்தைவேல் கேட்டுக் கம்பியைத் தேய்க்கிற சக்கரத்தைப் போட்டான். பானை ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. பொறி பறந்தது. கொஞ்ச நேரத்தில் பேர் போய்விட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான், பேர் போன வழியும் திறந்தே கிடப்பது தெரிந்தது. கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை.

பயப்படாதீர்கள், ஒரு சொட்டுப் பற்ற வைத்தால் மூடிக்கொள்ளும் என்று குழந்தைவேல் தைரியம் சொன்னான். அவன் கை இரும்புக்குப் பழகிய கை. நெருப்பைக் காட்டியதும் கடுகு துவரம்பருப்பு ஆயிற்று. இன்னொரு தடவை முயற்சி பண்ணட்டுமா என்று கேட்டான். முருகையன் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு முயற்சி நடந்தால் அது பானையாக இருக்காது, வடிகட்டியாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுகிற பசையை மாவு மாதிரிப் பிசைந்து, ஓட்டையில் அப்பி, வழித்து, தேய்த்துக் கொடுத்தான்.

"கல்லு மாதிரி நிக்கும்ணே. சூடு மட்டும் காட்டாதீங்க."

"இது பொங்கப் பானைடா."

குழந்தைவேல் யோசித்தான். "அப்ப எளஞ்சூட்டுல பொங்கச் சொல்லுங்க" என்றான்.

பசை சாம்பல் நிறத்தில் இருந்தது. அதை மறைக்க, கேட்டின் ஈட்டி முனைக்கு அடிக்கிற தங்கக் கலர் பெயிண்டைத் தொட்டு வைத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து துணியை விலக்கியதும் தனபாக்கியம் குனிந்து பார்த்தாள்.

"பானைக்குத் தங்கப்பல்லு கட்டுன மாதிரி இருக்கு" என்றாள் அப்புறம்.

ஒரு இடத்தில் மட்டும் தங்கம் இருந்தால்தானே சந்தேகம் வரும்? முருகையன் மறுபடியும் பட்டறைக்கு நடந்து, மிச்சப் பெயிண்டை வாங்கிவந்து, தோளைச் சுற்றி ஒரு பட்டையாக அடித்தார். டிசைன் மாதிரி இருக்கும் என்று நினைத்தார். டிசைன் மாதிரித்தான் இருந்தது, பிரஷ்ஷின் முடி இரண்டு அதில் ஒட்டிக்கொள்ளும் வரைக்கும். மார்கழிப் பனியில் பெயிண்ட் காயவில்லை. தொட்டவர் விரலெல்லாம் தங்கமாயிற்று. நடு முற்றத்தில் காய வைத்திருந்த பானையில் ஒரு ஈ உட்கார்ந்து, அங்கேயே தங்கிவிட்டது.

"பாப்பா பேரு?" என்று கேட்டார்.

"இதுல இனி பேரு வெட்டுனா அதுவும் உள்ள வுழுந்துரும். வுடுங்க" என்றாள் தனபாக்கியம். அப்புறம் செல்போனை எடுத்து மேகலாவின் பானைப் போட்டோவைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "இது மாதிரி தோளு தெரியாம மஞ்சக் கொத்து கட்டிருவோம். அவங்க கட்டுனதுதான, யாரு கேப்பா?"

ஊரே பழசை வெளியே எறிந்து கொளுத்துகிற போகி அன்று, முருகையன் பழசைச் சீராகத் தூக்கிக்கொண்டு குன்னத்துக்குக் கிளம்பினார். சீர் கொண்டுபோக ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் இன்னொரு கிராக்கியையும் ஏற்றியிருந்தார். அது ஒரு கிடா. முன்னால் உட்கார்ந்திருந்த முருகையனும் தனபாக்கியமும் சோளக்கொல்லைக் காற்றில் கண்ணயர்ந்துவிட்டார்கள். பல நாள் அசதி. ராசாங்கம் வீட்டு வாசலில் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தபோது கிடா நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. பானையைச் சுற்றி வெறும் நார் இருந்தது. ஒரே ஒரு மஞ்சள் இலை, கிடாவின் வாயோரத்தில் தொங்கியது.

அதையும் பிடுங்கிப் பார்த்தார் முருகையன். கிடா கொடுக்கவில்லை.

வாசலில் கலியம்மாள் நின்றாள். பக்கத்தில் பூங்குழலி, கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. முருகையன் பானையை நீட்டினார். அந்த ஓட்டைப் பக்கத்தைத் தன் வயிற்றோடு அணைத்தபடியே நீட்டியதால், பானையைக் கொடுக்கிறாரா தானும் சேர்ந்து வருகிறாரா என்று கலியம்மாளுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

அவள் பானையை வாங்கினாள். கனம் பார்த்தாள். விரலால் சுண்டிக் காதைக் கொடுத்தாள். வாய் விளிம்பைத் தடவினாள். அப்புறம், கல்யாணத்திலிருந்து இதுவரை முருகையன் பார்த்திராத ஒன்று நடந்தது. கலியம்மாள் சிரித்தாள்.

"சரியான பானைதான் கொண்டாந்திருக்கீங்கண்ணே."

பூங்குழலியின் கைகள் முந்தானையிலிருந்து வெளியே வந்தன.

மேகலா மட்டும் நாரைத் தொட்டுப் பார்த்து, "தோளு சுத்தியும் கொத்து கட்டலியா சித்தப்பா? எங்கப்பா அப்படித்தான் கட்டுனாரு" என்றாள். ஆடு தின்றுவிட்டது என்று முருகையன் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ராசாங்கம் பானையைப் பார்த்தார், முருகையனைப் பார்த்தார், மறுபடியும் பானையைப் பார்த்தார். ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சீரைக் கொடுத்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிடுவது என்பதுதான் முருகையனின் திட்டம். கலியம்மாள் விடவில்லை. நாளைக்கு உங்க பானையில பொங்குறத உங்க கண்ணால பாத்துட்டுத்தான் போவணும் என்றாள். சந்தோஷத்தில் சொன்னாள். அதனால் தட்டவும் முடியவில்லை.

விடிந்ததும் முருகையன் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். இவ்வளவு நல்ல பானையை அடுப்புக் கரியில் வைக்க வேண்டுமா தங்கச்சி, கூடத்து ஷோகேஸில் வைத்தால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்றார்.

"ஷோகேஸ்ல வெக்க இது என்ன மெடலாண்ணே? சீர்ப் பானையில பொங்காம?" என்று கேட்டுவிட்டு அவள் பாலை எடுக்கப் போனாள்.

பானை காலியாக இருக்கும்போது ஓட்டையால் ஒன்றும் இல்லை. பால் தோளுக்கு ஏறினால்தான் ஆபத்து. ஆகையால் பாலைக் குறைத்து ஊற்றச் சொன்னார். தலைப்பொங்கலுக்குக் குறைத்து ஊற்றுவார்களா என்று கலியம்மாள் தோள் மட்டத்துக்கு ஊற்றினாள். நெருப்பைக் குறைக்கச் சொன்னார். மேகலா இரண்டு விறகைக் கூடுதலாகச் சொருகினாள்.

அப்போதுதான் அவருக்குக் கடைசி யோசனை வந்தது. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் வீட்டுக்கு நல்லது என்பது ஊர் அறிந்த சங்கதி. ஓட்டை எப்படியும் ஒழுகத்தான் போகிறது. அது கிழக்கே ஒழுகிவிட்டுப் போகட்டுமே. பானையை அடுப்பில் எடுத்து வைக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். பசை வைத்த பக்கத்தைச் சூரியனுக்கு நேரே திருப்பினார். பானை அடுப்பில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பாய் சொன்னது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து ராசாங்கம் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, இளவெயில் காய்வதற்காகக் கிழக்குப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தப் பக்கம் புகை வரும், இந்தப் பக்கம் உட்காருங்கள் என்று முருகையன் கெஞ்சினார். ராசாங்கம் பதில் சொல்லவில்லை. அவர்தான் சொல்வதில்லையே.

பூங்குழலி அரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றாள். பால் கொதித்தது. முதலில் ஒரு வாசம் வந்தது, பால் வாசமும் இல்லை, வெல்ல வாசமும் இல்லை, கேட்டுக்குப் பெயிண்ட் அடித்த வாசம். தங்கப் பட்டை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பெயிண்டில் ஒட்டிக்கிடந்த ஈ விடுதலையாகி நெருப்பில் விழுந்தது. பால் நுரைத்துத் தோளைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியது. எல்லோரும் வாய் விளிம்பையே பார்த்தார்கள். முருகையன் மட்டும் தோளைப் பார்த்தார்.

'டப்' என்று ஒரு சத்தம். துவரம்பருப்பு அளவு ஓட்டையை அடைத்த இடத்திலிருந்து தங்கக் கட்டி ஒன்று தெறித்துப் பறந்தது. அதன் பின்னாலேயே, முனிசிபாலிட்டிக் குழாயில் என்றைக்கும் வராத வேகத்தில், வெள்ளைவெளேரென்று பால் வளைந்து நேர் கிழக்கே பாய்ந்தது.

பழக்க தோஷத்தில் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். மேகலா தட்டைத் தட்டினாள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு அம்மாள், கிழக்கால பொங்கிருச்சு, அமோகமா இருப்பீங்க என்று வாழ்த்தியும் விட்டாள். அப்புறம்தான் பால் வாய் வழியாக வரவில்லை என்பது ஒவ்வொருவராக விளங்கி, சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தட்டு நின்றது. பூங்குழலியின் கையிலிருந்த அரிசி அப்படியே இருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

முருகையனுக்கு இனி மறைக்கத் தெம்பில்லை. புளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, பழைய பானைதான், மகள் மேல் குற்றமில்லை, என்னைச் சொல்லுங்கள் என்று கலியம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவது என்று தொண்டையைச் செருமினார். கலியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. அவள் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பேசாதே என்கிற மாதிரி.

ராசாங்கம் தன் மடியில் வந்து விழுந்திருந்த தங்கக் கட்டியை இரண்டு விரலால் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்து, பானையின் தோளருகே குனிந்து, ஓட்டையையும் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். அந்த வீட்டில் மருமகள்கள் இருவரும் முதல்முதலாக அவர் குரலைக் கேட்டார்கள்.

"மேகலா வூட்டுலேர்ந்து வந்தப்ப இல்ல. மாசி மாசம் நான் கொண்டுபோயி பாய் கடையில போட்டப்பவும் இல்ல. இந்த ஓட்டை எப்ப வுழுந்துச்சு சம்பந்தி?"